கோட்டையில் பிறந்த சட்டம் குடிசைக்கு வரட்டும்!

(தொண்டர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"ஓட்டுப் போட்டு அனுப்பி வைத்தோமே, உங்கள் உறுப்பினர் என்ன செய்தார்?" என்று மக்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. விடை சொல்வது நமது கடமை. ஆனால் நம்மில் பலர் சொல்லும் விடை என்ன? பாலம் கட்டினார், பள்ளிக்குச் சுவர் எழுப்பினார், பேருந்து நிற்குமிடத்தில் நிழற்குடை அமைத்தார் என்று பட்டியல் படிக்கிறோம். பாலமும் வேண்டும், பள்ளியும் வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் சட்டமன்றம் என்பது சட்டம் இயற்றும் மன்றமல்லவா? இயற்றிய சட்டம் எவர் வீட்டு வாசலை எட்டிற்று, எவர் வீட்டுக்கு வராமல் பாதி வழியிலே நின்றுவிட்டது என்று பார்ப்பதன்றோ உறுப்பினரின் முதல் வேலை? இதை நீலகிரியின் கூடலூர் மண்ணை வைத்தே உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஜென்மிகளின் காலம்

கூடலூர் வட்டாரம் பழைய வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி. மலபார் மாவட்டத்தில் இருந்த அது 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. மாவட்டம் மாறிற்று, நிலமுறை மாறவில்லை. மலபாரின் ஜென்ம உரிமை அங்கே அப்படியே நிலைத்தது. நிலம்பூர் கோவிலகம் ஜென்மி. அவர்களிடம் குத்தகை பெற்ற தோட்ட முதலாளிகள் நடுவிலே. காடு திருத்திக் கொழுந்து பறித்தவன் அடியிலே! பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணுக்கு ஏட்டிலே உடையவர் வேறொருவர்!

இந்த முறையை ஒழிக்க 1969-இல் நமது சட்டமன்றம் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் 24-ஆவது சட்டம் அது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலத்தின் தலையெழுத்தை மாற்ற வந்த சட்டம். ஜென்ம உரிமை ஒழியும், நிலம் அரசைச் சேரும், பயிரிடுபவனுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்கும் என்பது அதன் உட்பொருள்.

சட்டம் பிறந்தது, வழக்கும் உடன் பிறந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, காட்டு நிலங்களை அரசு எடுத்துக்கொள்வதை மட்டும் செல்லாதென்றது. 1974-இல் நாடாளுமன்றம் 34-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் இந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணையில் வைத்த சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றம் தொட முடியாது என்பது அன்றைய நினைப்பு. அதையும் எதிர்த்து வழக்கு வந்தது. 2007 ஜனவரி 11-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டுமானத்தைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் சோதிக்கலாம்!

இன்று இந்தியாவின் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் பாடமாகப் படிக்கிறார்களே கோயல்ஹோ வழக்கு, அது இதுதான். குடிமகனின் உரிமைக்குக் காவலாக வந்த அந்தத் தீர்ப்பு, நமது கூடலூர்ச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலே விளைந்தது என்பதை நம் தோழர்களில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரே எண், இரண்டு மனிதர்

அந்த மண்ணில் வாழ்பவனுக்கு என்ன கிடைத்தது? அங்கேதான் பிரிவு 17 வருகிறது. தோட்டப் பயிருக்காக ஜென்மியிடம் குத்தகை பெற்ற நிலங்களைத் தொடரவிடுவதா, குத்தகையை முடிப்பதா என்பதை அரசு முடிவு செய்ய வழிசெய்த பிரிவு அது. பெருந்தோட்டங்களுக்காக எழுதிய பிரிவு. ஆனால் காலப்போக்கில் அந்த நிலங்களிலே சிறுகுடிகளும் குடியேறினார்கள். மலையாளத்துக் குடியானவர்கள் வந்தார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களும் வந்தார்கள். வழக்கு நடந்தது, ஆண்டுகள் நடந்தன. முடிவு மட்டும் நடக்கவில்லை.

விளைவு என்ன? ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் தோட்டமும் "செக்‌ஷன் 17". மூன்று சென்டில் ஓலையும் தகரமும் வேய்ந்து குடியிருப்பவனும் "செக்‌ஷன் 17". முன்னவருக்கு வழக்கறிஞர் உண்டு, வாய்தா உண்டு, காத்திருக்க வசதியும் உண்டு. பின்னவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது. "ஓட்டுப் போடும்போது நான் குடிமகன், விளக்குப் போடக் கேட்டால் மட்டும் ஆக்கிரமிப்பாளனா?" என்று அவன் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

காட்டை மறந்து பேசச் சொல்லவில்லை தோழர்களே! கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். நிலம் எவருடையதானாலும் காடு காடுதான் என்று 1996 டிசம்பர் 12-இல் வந்த ஆணை நாட்டின் காடுகளுக்கே வேலியாயிற்று. யானைக்கு வழி வேண்டும். ஏழைக்கு விளக்கும் வேண்டும். இரண்டையும் பிரித்தறிந்து, எது காடு, எது பெருந்தோட்டம், எது குடியிருப்பு என்று அளந்து முடிவு சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். அந்த முடிவை அரசிடம் கேட்டுப் பெறுவதுதான் உறுப்பினருடைய வேலை.

கோப்பையிலும் ஓர் உரிமை

மலையிலே இன்னொரு வழக்கும் உண்டு. அது தேநீர்க் கோப்பைக்குள் இருக்கிறது. சாயம் கலந்த தேயிலையை மலிவாக விற்கிறான் ஒருவன். வாங்கிக் குடிப்பவன் உடலைக் கெடுத்துக்கொள்கிறான். நல்ல தேயிலை விலை போகாததால் குன்னூரிலும் கோத்தகிரியிலும் குந்தாவிலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் பச்சைத் தேயிலைக்கும் விலை விழுகிறது. திருடன் ஒருவன், இழப்பவர் இருவர்!

சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வடிதாளில் சிறிது தேயிலையைப் பரப்பி நீர் தெளியுங்கள். உடனே சாயம் படிந்தால் அது கலப்படத்தின் அறிகுறி. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொண்டு போங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து இலட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இந்தச் செய்தியை யார் சொல்வது? நாமல்லவா சொல்ல வேண்டும்!

சலுகையன்று, உரிமை

எனவே தோழர்களே, தொகுதிப் பணி என்றால் சிபாரிசுக் கடிதம் என்று நினைக்காதீர்கள். சிபாரிசு ஒருவனுக்குக் கதவைத் திறந்து, அவன் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கு மூடிவிடுகிறது. கடிதம் பெற்றவன் கடமைப்பட்டவனாகிறான். உரிமை பெற்றவனோ நிமிர்ந்து நிற்கிறான்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு குறிப்பேடு திறவுங்கள். குடும்பத் தலைவர் பெயர், சர்வே எண், குடியேறிய ஆண்டு, கையிலுள்ள வரி ரசீது, மனுக் கொடுத்த நாள், பெற்ற ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து மலையேறும் மனிதனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். விடை வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் விடை தர வேண்டும். இப்படிச் சேர்ந்த நூறு மனுக்களை உறுப்பினர் கையில் கொடுங்கள். நூறும் ஒரே பிரிவில் முட்டி நிற்கின்றன என்றால், அதைச் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கேட்கட்டும். கேள்விக்கு மழுப்பல் விடை வந்தால் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரட்டும். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தையே திருத்தச் சொல்லட்டும்.

உறுப்பினர் அதைச் செய்யாமல் இருந்தால்? அவர் நம் கட்சிக்காரராகவே இருக்கட்டும், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் அமருங்கள். "இந்த ஆண்டு எத்தனை கேள்வி கேட்டீர்கள்? இவர்களில் எத்தனை பேருக்கு முடிவு வந்தது?" என்று கேளுங்கள். அடுத்த தேர்தலில் மக்கள் கேட்கப்போகும் கேள்வியை இன்றே நாம் கேட்பது துரோகமன்று; அதுவே தொண்டு.

1969-இல் கோட்டையில் ஒரு சட்டம் பிறந்தது. டில்லி வரை சென்றது, ஒன்பது நீதிபதிகளைச் சந்தித்தது, நாடறியப் புகழ் பெற்றது. கூடலூரின் அந்த மூன்று சென்ட் குடிசைக்கு மட்டும் அது வழி தெரியாமல் நிற்கிறது. கைப்பிடித்து அழைத்து வாருங்கள் தோழர்களே! வழி உங்களுக்குத் தெரியும்.