ஹால்மார்க் குத்தின பிறகு அந்த ஈயம் எங்கே போகுது?

2021 ஜூன்ல இருந்து தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியா கட்டாயமாச்சு. தங்கம் சுத்தமான்னு பார்க்கிற டெஸ்ட்டோட குப்பை எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

டெஸ்ட் பேரு ஃபயர் அஸே. கால் கிராமோ அதுக்கும் கம்மியாவோ சுரண்டி, கொஞ்சம் வெள்ளி சேர்த்து, சில கிராம் ஈயத் தகட்டுல சுருட்டி, கியூபெல்ங்கிற குட்டிக் கிண்ணத்துல வெச்சு 1000 டிகிரிக்கு மேல சூடாக்குவாங்க. ஈயம் ஆக்ஸைடா மாறி, செம்பு மாதிரி கலப்பையும் இழுத்துக்கிட்டு கிண்ணத்துக்குள்ளயே ஊறிடும். தங்கமும் வெள்ளியும் ஒரு மணியா மேல நிக்கும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்துல கரைச்சிட்டு, மிச்சத் தங்கத்தை எடை போட்டா ரிசல்ட்.

இது ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இல்ல, அது வெள்ளீயம். இது காரீயம். நம்ம குருசுக்குப்பத்துல வலையில கோக்குற ஈயக்குண்டு ஜாதி.

ஊறின ஈயத்தைத் திரும்ப எடுக்கலாம். கிண்ணத்தைப் பொடியாக்கி, கரித்தூள், சோடா சாம்பல், வெங்காரம் சேர்த்து உருக்கினா, கரி ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கும். கனமான ஈயம் அடியில இறங்கும், கசடு மேல மிதக்கும். ஆனா நிறைய கியூபெல் மெக்னீசியம் ஆக்ஸைடுல செஞ்சது. அது தனியா உருக 2800 டிகிரி வேணும். அதனால உருக்குற சேர்மானம் நிறைய ஆகும். ஒரு கிண்ணத்துல கிடைக்கிறது சில கிராம்தான். மொத்தமாச் சேர்த்தாத்தான் கட்டுப்படியாகும்.

சிக்கல் கெமிஸ்ட்ரியில இல்ல, யாரு உருக்குறாங்கங்கிறதுல. ஃபில்டர் இல்லாத அடுப்புல உருக்கினா புகை தெருவுக்கு வரும், தூசி வீட்டுக்குள்ள வரும். குழந்தைங்க மூளையை அது பாதிக்கும். பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கண்டுபிடிக்கப்படலன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உலகத்துல மூணுல ஒரு குழந்தையோட ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இல்ல அதுக்கும் மேலன்னு 2020-ல யுனிசெஃப், ப்யூர் எர்த் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னுச்சு.

2016 அபாயகரக் கழிவு விதிகள்படி, இந்த மாதிரிக் கழிவு அனுமதி வாங்கின மறுசுழற்சியாளர்கிட்டயோ, அகற்றும் இடத்துக்கோதான் போகணும். எங்க போச்சுன்னு பதிவும் இருக்கணும். பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

அதனால அடுத்த தடவை நகை வாங்கும்போது ஹால்மார்க் இருக்கான்னு பாருங்க. கூடவே, 'டெஸ்ட் பண்ண கிண்ணத்தை யாருக்குக் கொடுக்கிறாங்க?'ன்னும் கேளுங்க. கடைக்காரர் சிரிச்சாலும் பரவாயில்ல. நிறைய பேர் கேட்டா, அவரும் சென்டர்ல கேட்பார். என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!