அரச வேடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் சீனி, பிரஷர், முழங்கால் நோ என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளரும் "நாற்பதுக்குப் பிறகு பெண்கள் கவனிக்க வேண்டியவை" என்று ஒரு தலைப்பை அனுப்பியிருந்தார். அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். உப்பைக் குறையுங்கள், நடவுங்கள். இப்போதைக்கு அது போதும். இன்று ஒரு நாடகத்தைப் பற்றியும், எங்கள் வகுப்பில் படித்த ஒருவரைப் பற்றியும் பேச அனுமதி கேட்டேன். தந்ததற்கு நன்றி.

நாடகத்தின் பெயர் "வெள்ளை மொழி". ஒருவர் மட்டுமே நடிக்கும் நாடகம். நடிப்பவர் அ. ரேவதி, நடிப்பது தன்னுடைய வாழ்க்கையை. நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் ஆண்பிள்ளையாகப் பிறந்து, பெண்ணாகத் தன்னை உணர்ந்து, பெண்ணாகவே வாழும் திருநங்கை அவர். 2004 இல் "உணர்வும் உருவமும்" என்ற நூலில் தன்னைப் போன்ற பலருடைய கதைகளைத் தொகுத்தார். பிறகு தன் கதையைத் தமிழில் எழுதினார். அது வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010 இல் முதலில் வெளிவந்தது. தமிழில் "வெள்ளை மொழி" என்ற பெயரில் அடுத்த ஆண்டு வந்தது. அதை மேடைக்குக் கொண்டுவந்தவர் அ. மங்கை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். எங்கள் பெண் கவிஞர்களின் கவிதைகளை "பெயல் மணக்கும் பொழுது" என்று 2007 இல் தொகுத்துத் தந்தவரும் அவர்தான். ஆகவே எங்களுக்கு அந்நியர் அல்ல.

நான் அந்த நாடகத்தைச் சென்னைக்குப் போன ஒரு பயணத்தில் பார்த்தேன். புத்தகத்தை முன்பே வாசித்திருந்தேன், என்ன வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் பாதியில் எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை, நடுவரிசையில் அகப்பட்டுக் கொண்டேன்.

சின்ன வயதில் அக்காவின் பாவாடையை உடுத்திக்கொண்டு வாசலைக் கூட்டிக் கோலம் போட்டதும், அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்ததும், வீட்டைவிட்டு ஓடி டில்லிக்கும் மும்பாய்க்கும் போனதும், சத்திரசிகிச்சையும், அதற்குப் பிறகு பட்ட பாடுகளும் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. பின்னாளில் வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டதும் அதே பிள்ளைதான். என்னைப் பிடித்துக்கொண்டது அவற்றில் ஒன்றுமல்ல. ஊர் மாரியம்மன் திருவிழாவில் அந்தப் பையன் குறத்தி வேஷம் போடுகிறான். ஊரே பார்த்து, அசல் பெண் மாதிரியே இருக்கிறது என்று மெச்சுகிறது. திருவிழா முடிகிறது. வேஷத்தைக் கழற்ற மனம் வரவில்லை. ஒரே உடுப்பு, மேடையில் இருக்கும்வரை பாராட்டு, இறங்கிய பிறகு அடி.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் மண்டபம் ஞாபகம் வந்தது.

பெண்கள் பாடசாலை நாடகத்தில் அரசன் யார்? பெண்தான். மந்திரியும் பெண்தான், காவலனும் பெண்தான். எங்கள் காலத்தில், 1990களின் நடுப்பகுதியில், பரிசளிப்பு விழா நாடகங்களில் தொடர்ந்து அரசனாக வந்தவர் ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டையில் பஸ் மாறி வருபவர். பெயர் சொல்லமாட்டேன், என் வயதுக்காரருக்குச் சொல்லவும் தேவையில்லை. கண் மை பென்சிலால் மீசை கீறுவது என் வேலை. நாடகம் முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் முகத்தைக் கழுவ ஓடுவார்கள். இவர் மட்டும் மீசையோடு கடைசிவரை நிற்பார். ஒருமுறை மிஸ் வந்து ஈரத் துவாயால் துடைத்துவிட்டபோது அழுதார். பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் கூத்திலும் இசை நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் பெண் வேடம் கட்டினார்கள். ஸ்திரீபார்ட் நடிகரை வெற்றிலை வைத்து அழைத்தோம். மேடையில் அதைப் பொறுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஒருபோதும் கஷ்டம் இருந்ததில்லை.

நண்பருக்குச் சாமத்தியச் சடங்கும் ஆடம்பரமாகத்தான் நடந்தது. மண்டபம், கூறைப்பட்டு, தலைநிறைய நகை, அல்பம். அந்த அல்பத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். "எனக்குத் தெரியாத நாடகத்தில என்னைக் கதாநாயகியாப் போட்டுட்டினம்" என்று போன வருடம்தான் எனக்குச் சொன்னார்.

உயர்தரம் முடிந்த பிறகு தலைமயிரைக் கட்டையாக வெட்டினார். அது சோதனைச் சாவடிக் காலம். பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்களுக்குப் பயம் அடையாள அட்டையில் உள்ள ஊரின் பெயர். இவருக்கு அதோடு இன்னொரு பயம். பெண்கள் வரிசையில் நின்றால் "நீ ஏன் இங்கே?" என்று அதட்டல், ஆண்கள் வரிசைக்குத் தள்ளினால் உடம்பைத் தடவிச் சோதிக்கப்போவது ஆண். எந்த வரிசையில் நிற்பது என்று அந்த வீதியோரத்தில் யோசித்துக்கொண்டு நின்ற பிள்ளையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர விளங்கவில்லை.

நான் மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு பின்னேரம் வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் இருந்தோம். "எனக்குள்ள இருக்கிறது பொம்பிளை இல்லை. ஆம்பிளை எண்டும் சொல்லேலாது. உங்கட புத்தகத்தில இதுக்குப் பேர் இருக்கோ?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை இங்கே சொல்லத்தான் வேண்டும். "கலியாணம் கட்டினா எல்லாம் சரிவரும்" என்றேன். இருபத்திரண்டு வயது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுப் பழகத் தொடங்கிய திமிர். அவர் ஒன்றும் பேசாமல் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அடுத்த வருடம் கனடாவுக்குப் போய்விட்டார். பதினேழு வருடம் எங்களுக்குள் கதை இல்லை.

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. ரேவதியைப் போல ஒரு பாலிலிருந்து மறு பாலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுக்குள்ளும் அடங்காதவர்களும் இருக்கிறார்கள்; நொன்-பைனரி என்று ஆங்கிலத்தில் சொல்வது இவர்களை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. எங்கள் பாடப்புத்தகம் இவர்கள் எல்லாரையும் மனநோய் அத்தியாயத்தில் வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2019 இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த அத்தியாயத்திலிருந்து இது எடுக்கப்பட்டுவிட்டது. எமது நாட்டில் 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, மனநல வைத்தியரின் சான்றிதழோடு பிறப்புப் பதிவில் பாலை மாற்றலாம். நல்ல காரியம். ஆனால் ஆணிலிருந்து பெண், பெண்ணிலிருந்து ஆண், அவ்வளவுதான். என் நண்பருக்கு அதில் இடமில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இதற்குள் வரும் பலரை இன்னும் பயமுறுத்திக் கொண்டிருக்கின்றன.

தமிழுக்கு இது புதிதுமல்ல. ஆண்மை திரிந்தவரைத் தொல்காப்பியம் உயர்திணையில்தான் வைக்கிறது. அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியையே கொள்வார்கள் என்கிறது. தமிழ் மிஸ் இதை ஐந்து நிமிடத்தில் கடந்து போனது ஞாபகம். பரீட்சைக்கு வராது என்றார். அவன், அவள் இரண்டுக்கும் பொதுவான "அவர்" எங்கள் வாயிலேயே இருக்கிறது. கூடப் படித்தவரை "அவர்" என்பதுதான் கஷ்டம். எங்கள் வீடுகளில் "அவர்" என்றால் கணவர். நான் முதல் தடவை சொன்னபோது என் மகள் "யார், அப்பாவா?" என்று கேட்டாள். இப்போது பழகிவிட்டது. நேரே கதைக்கும்போது பிரச்சினையே இல்லை. "நீ"க்குப் பால் கிடையாது.

ஒரு டொக்டராக அந்த நாடகம் எனக்குச் செய்தது இதுதான். நாங்கள் நோயாளியிடம் வரலாறு கேட்போம். முதல் கட்டம் பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது பால். எங்கள் ஒழுங்கில் கேட்போம், எங்களுக்கு வேண்டிய இடத்தில் வெட்டுவோம். வெளியே இன்னும் நாற்பது பேர் நம்பரோடு இருக்கிறார்கள். மேடையில் ரேவதியை யாரும் வெட்ட முடியாது. எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பது எல்லாம் அவர் கையில். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாற்பது நாளை நான் வைத்தியத் தாளில் ஒரு வரியில் எழுதியிருப்பேன். அவர்களுடைய வழக்கத்தில் அந்த நாற்பது நாளும் பத்தியம், கண்ணாடி பார்க்கக்கூடாது, கடைசி நாளில் மஞ்சள் பூசிச் சடங்கு. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளின் முப்பத்தொன்றாம் நாள் போல ஒரு பிறப்பு அது. அப்படி ஒருவர் சொல்லி முடிக்கும்வரை வாய்மூடி இருந்து கேட்டது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

2019 இல் நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில், கல்லில் செதுக்கிய ஹோமர், பிளேட்டோ போன்ற பெயர்களுக்கு மேலே, மாயா ஏஞ்சலோ, டொனி மொரிசன் ஆகியோரின் பெயர்களோடு அ. ரேவதியின் பெயரும் பதாகையில் தொங்கியது. பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் எனக்கு அந்த நடுவரிசைக் கதிரைதான் பெரிது.

அன்றிரவு விடுதி அறையிலிருந்து நண்பருக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "மீசை கீறின பென்சில் உன்ர அம்மான்ர தானே?" என்று கேட்டிருந்தார். ஓம், அம்மாவுடையதுதான்.

இந்த விழாவுக்கான அழைப்பும் அவருக்குப் போனது. "அன்புள்ள பழைய மாணவிக்கு" என்று தொடங்கும் அழைப்பு. கோபிக்கவில்லை. "பதின்மூன்று வருடம் படிச்ச பள்ளிக்கூடம். நான் வரலாம்தானே?" என்று என்னிடம் கேட்டிருந்தார். நான் சங்கத்தின் சார்பில் பதில் சொல்லக்கூடியவள் அல்ல. ஆகவே அந்தக் கேள்வியை அப்படியே செயற்குழுவிடம் கையளிக்கிறேன். அங்கத்துவப் படிவத்தில் "மாணவி" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தமிழ் மிஸ்மாரிடம் கேட்கலாம், அவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் கேட்டிருந்தீர்கள். பரிசளிப்பு விழா நாடகப் படம் ஒன்று என்னிடம் இருந்தது: முடி, வாள், என் கைவண்ணத்தில் ஒரு பக்கம் சற்றுத் தடித்த மீசை. போடலாமா என்று அவரிடம் கேட்டேன். போடலாம் என்றார். கீழே என்ன பெயர் போடுவது என்று கேட்டேன்.

"பெயர் வேண்டாம். அரசன் எண்டு போடு."

அப்படியே போடும்படி மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.