ஏரிக்கரைப் புகைக்குப் பொறுப்பாளி யார்?

(உத்திரமேரூர் வட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு.)

சென்ற மாசி மாதம் நமது வட்டத்தில் ஓர் ஊருக்குப் போயிருந்தோம். கூலிப் பிரச்னையைப் பற்றிப் பேசத்தான் போனோம். ஏரிக்கரை மீது கறுப்புப் புகை சுருண்டு எழுந்தது. வைக்கோல் போர் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடினோம். அது வைக்கோல் அல்ல. பழைய டி.வி. பெட்டிகளிலிருந்து உருவிய வயர்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்து போனால் உள்ளே செம்புக் கம்பி மிஞ்சும். செம்புக்குக் காயலான் கடையில் நல்ல விலை. எரித்தவர் ஒரு விவசாயத் தொழிலாளி. பக்கத்தில் அவருடைய பையன். பத்து வயது இருக்கும். உடைந்த பிக்சர் டியூப் கண்ணாடியைக் குச்சியால் மதகுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏன் அண்ணே, பிள்ளையை இந்தப் புகையிலா நிறுத்துவது?" என்று கேட்டோம்.

"நடவு முடிஞ்சுபோச்சு தோழரே. நூறு நாள் வேலையும் இல்லே. இதுலே கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு வருது. வேறே என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார்.

நமக்கு அப்போது பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இன்று பேசுகிறோம்.

விரல் நுனியில் இல்லை குற்றம்

செல்போன், டி.வி., கம்ப்யூட்டர் இவற்றால் பூமி கெடுகிறது என்று இன்று பலரும் பேசுகிறார்கள். பேசுவது நியாயமே. ஆனால் பரிகாரமாக என்ன சொல்லுகிறார்கள்? "படம் பார்ப்பதைக் குறையுங்கள், பழைய செய்திகளை அழியுங்கள், சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள்" என்கிறார்கள். சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கந்தான். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஒரு செல்போனுக்குத் தினம் ஒரு முறை சார்ஜ் போட்டால் வருஷம் முழுவதற்கும் 5 அல்லது 6 யூனிட் மின்சாரம் ஆகும். 75 வாட் மின்விசிறி ஒன்று ராத்திரி எட்டு மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அதாவது பத்து ராத்திரி காற்று வாங்கும் மின்சாரத்தில் ஒரு செல்போன் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது!

அப்படியானால் கெடுதல் எங்கே நடக்கிறது? முதலாளிகளின் வாயிலிருந்தே கேட்போம். 2021ல் வெளிவந்த ஐபோன் 13 பற்றி ஆப்பிள் கம்பெனியே ஓர் அறிக்கை கொடுத்தது. அந்தப் போன் பிறந்து அழியும் வரை அதனால் உண்டாகும் கரிவாயு 64 கிலோ. அதில் 81 சதவிகிதம் அதைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஐந்தில் நான்கு பங்கு கெடுதல் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

செய்வது என்றால் என்ன? மண்ணைத் தோண்டுவது, உலோகத்தை உருக்குவது, கோடிக்கணக்கான லிட்டர் சுத்தத் தண்ணீரில் சில்லுகளைக் கழுவுவது, கப்பலிலும் விமானத்திலும் ஏற்றுவது. பாட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலே காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையால் குழி தோண்டுகிறவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு என்பதை ஆம்னஸ்டி ஸ்தாபனம் 2016ல் அம்பலப்படுத்தியது. காங்கோவில் குழிக்குள் இறங்கும் பையனும், நமது ஏரிக்கரையில் கண்ணாடி தள்ளிய பையனும் ஒரே பண்டத்தின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். நடுவில் லாபம் நிற்கிறது.

அதற்காகச் செல்போனே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது, கடன் வாங்கிப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் போனில் படம் பிடித்து வருகையைப் பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. கருவியை நம் கையில் திணித்துவிட்டு, "ஏன் உபயோகிக்கிறாய்?" என்று நம்மையே கேட்பது என்ன நியாயம்?

அந்த மேகம் எங்கே இருக்கிறது?

நாம் அனுப்பும் படமும் பேச்சும் "மேகத்தில்" இருப்பதாகச் சொல்லுகிறார்கள். நமக்கு மேகம் என்றால் மழை தருவது. இவர்களுடைய மேகமோ தண்ணீர் கேட்பது! அது ஆகாயத்தில் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் ஜன்னல் இல்லாத பெரிய கட்டிடங்களாகத் தரையில் நிற்கிறது. டேட்டா சென்டர் என்று பெயர். உள்ளே ராப்பகலாக ஓடும் கம்ப்யூட்டர்கள் கொதிக்கும். அவற்றைக் குளிர வைக்க மின்சாரம் வேண்டும். பல இடங்களில் தண்ணீரும் வேண்டும்.

சர்வதேச எரிசக்தி ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2024ல் உலகத்து டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் உபயோகித்தன. தமிழ்நாடு முழுவதும் ஒரு வருஷத்தில் செலவாகும் மின்சாரத்தைப் போல் இது மூன்று மடங்குக்கும் மேல். செயற்கை அறிவு யந்திரங்கள் பெருகுவதால் 2030ல் இது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்றும் அந்த ஸ்தாபனம் சொல்லுகிறது. நமது தேசத்தில் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. அந்தக் கரியின் சாம்பல் எங்கே போயிற்று என்று எண்ணூர் மீனவர்களைக் கேளுங்கள். கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குறைந்த கதையைச் சொல்லுவார்கள்.

தண்ணீர்க் கதை நமக்கே தெரியும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்பட சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் இல்லாமல் கம்ப்யூட்டர் கம்பெனிகளே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. அப்படிப்பட்ட பிரதேசத்தில் இத்தகைய கட்டிடங்கள் பெருகுகின்றன. எந்தக் கட்டிடம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஜனங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

வேண்டுமென்றே கிழமாக்குகிறார்கள்

சைக்கிள் டியூப் ஓட்டையானால் ஒட்டுகிறோம். பம்புசெட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிறோம். செல்போன் பாட்டரி செத்தால் மட்டும் ஏன் போனையே தூக்கி எறிய வேண்டியிருக்கிறது? பசை போட்டு ஒட்டி, திறக்க முடியாதபடி செய்வதனால்தான். இது மட்டுமல்ல. பழைய போன்களின் வேகம் குறையும் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காக ஆப்பிள் கம்பெனிக்குப் பிரான்ஸ் தேசம் 2020ல் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அதற்கு முன் 2018ல் இத்தாலி, ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் இதே போன்ற புகாரில் அபராதம் போட்டது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல், வாங்கியவரே கழற்றி மாற்றக்கூடிய பாட்டரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இங்கே ஆலைத் தோழர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: "போன் நெடுநாள் உழைத்தால் விற்பனை குறையும். எங்கள் வேலை என்ன ஆகும்?" உத்திரமேரூரிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களின் கேள்வி இது. தட்டிக் கழிக்கக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2006ல் திறந்தார்கள். நமது ஜில்லாவின் இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1ந் தேதி உற்பத்தியை நிறுத்தினார்கள். போன் நெடுநாள் உழைத்ததாலா மூடினார்கள்? இல்லை. கம்பெனி கைமாறியது, வரித் தகராறு வந்தது, ஆலை நின்றது. பழைய போனை எறிவது போலத் தொழிலாளியையும் எறிந்தார்கள். புதிய போன் ஓயாமல் விற்பது நமது வேலைக்கு உத்தரவாதம் அல்ல. பழுது பார்க்கவும், பழைய பெட்டியைப் பாதுகாப்பாகப் பிரிக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அந்த வேலையைத் தாலுகா தோறும் உண்டாக்கலாம். அது நாமே கேட்டுப் பெற வேண்டிய வேலை.

ஆலைக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சாலிடர் புகையும் ரசாயனமும் ஏரிக்கு வருமுன் தொழிலாளியின் மூச்சுக்குள் போகின்றன. 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பூச்சிமருந்து தெளித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. சுவாசிப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை கூலி உயர்வைப் போலவே முக்கியமான கோரிக்கை.

கொடுக்க வந்த லாரி எங்கே?

இப்போது அந்த டி.வி. பெட்டிக்கு வருவோம். 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு சர்க்கார் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கலர் டி.வி.க்களை இலவசமாகக் கொடுத்தது. ஏழை வீட்டிலும் டி.வி. வந்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தப் பெட்டியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்திருக்கிறது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். வயர் மேல் உள்ள பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு புகையோடு கிளம்புகிறது. அது ஏரியில் படிந்து, மீனிலும் மாட்டுப் பாலிலும் சேர்ந்து நம் வயிற்றுக்கே திரும்புகிறது. இத்தகைய குப்பையைக் கிளறும் பிள்ளைகளின் அபாயத்தைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது.

பெட்டியைக் கொடுக்க ஊருக்கு லாரி வந்தது. திரும்ப எடுத்துப் போக லாரி வந்ததைப் பார்த்தவர் உண்டா என்று இந்தக் கூட்டத்தில் கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை.

2022ல் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் உள்ளது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவின் குப்பை மட்டும் சுமார் 41 லட்சம் டன். சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, பொருளைச் செய்து விற்றவனே அதன் குப்பைக்கும் பொறுப்பு. சட்டம் டில்லியில் இருக்கிறது. புகை ஏரிக்கரையில் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைப்பதுதான் நமது வேலை.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: ஒவ்வொரு ஒன்றியத்திலும் பழைய பெட்டிகளை வாங்கும் நிலையம் வேண்டும். செலவு கம்பெனிகளுடையது. காயலான் கடை கொடுக்கும் விலைக்குக் குறையாமல் அங்கே கிடைக்க வேண்டும். அது இல்லாமல், "எரிக்காதே" என்று ஏழையிடம் மட்டும் சொல்லுவது வெறும் உபதேசம்.

இரண்டு: பிரிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, எரிக்காமல் வயர் உரிக்கும் கருவி, இ.எஸ்.ஐ. பாதுகாப்பு வேண்டும்.

மூன்று: பாட்டரியும் உதிரிப் பாகங்களும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். கிராமத்து இளைஞர்களுக்குப் பழுது பார்க்கும் பயிற்சி வேண்டும்.

நான்கு: டேட்டா சென்டர்களின் தண்ணீர், மின்சாரக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

நாமும் நாளைக்கே செய்ய வேண்டியது உண்டு. ஏரிக்கரையில் வயர் எரிப்பதை நிறுத்துவோம். பிக்சர் டியூபை உடைக்க வேண்டாம். உப்பிய பாட்டரியைக் குத்தவோ நெருப்பில் போடவோ வேண்டாம். பிள்ளைகளை இந்த வேலையில் விட வேண்டாம்.

தோழர்களே! நமது உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921ம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த விதம் அதில் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரியைக் காக்க ஆள் வைத்தார்கள் என்று எல்லோரும் பெருமைப்படுகிறார்கள். நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது. ஏரியில் மண் வெட்டியவன் பெயர் விழவில்லை. இன்று கிராம சபையில் அவனுக்கும் குரல் உண்டு. மார்ச் 22ந் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. மே தினத்தன்றும் கூடுகிறது. ஊரில் பரண் மீது எத்தனை பெட்டி கிடக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கோடு போய்த் தீர்மானம் கேளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரிக்கரை ஊருக்கே மறுபடி போகிறோம். வயர் உரிக்கும் கருவி ஒன்றும், கணக்கெடுக்க ஒரு நோட்டும் கொண்டுபோகிறோம். அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இது அல்ல, ஆரம்பம். உங்களில் யார் யார் வருகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுங்கள்.