தொகையும் தொடரும்: பாவைப் படங்களைப் புதிதாய்த் தொகுத்தல்



'தொகை' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. பலவற்றை ஒன்றாகக் கூட்டுதல் ஒன்று. உருபு முதலியன மறைந்து நிற்றல் மற்றொன்று. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என்று இலக்கணம் பேசுவது பின்னதை. கூட்டுவதும் மறைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் தொகுப்பு வேலையில் இறங்கியவர் எவரும் இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை விரைவில் உணர்ந்துகொள்வர். அதனை ஆய்வதற்கு இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள், கவிஞர் நிறைந்த அவைக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் அறிவியல் புனைவுப் பாவைத் தொடர்களே அப்பொருள்.

கெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்னும் இணையர் இலண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு கூடத்தை அமைத்துக்கொண்டு, 1960களில் பாவைகளைக் கொண்டே தொலைக்காட்சித் தொடர்களை எடுத்தனர். சூப்பர்கார், ஃபயர்பால் எக்ஸ்எல்5, ஸ்டிங்ரே, தண்டர்பேர்ட்ஸ், கேப்டன் ஸ்கார்லெட், ஜோ 90 என அவை வரிசையாக வந்தன. கயிற்றில் ஆடும் பாவைதான். ஆனால் அக்கயிறு மெல்லிய உலோகக் கம்பி. முன்னரே பதிவு செய்த குரலின் மின்துடிப்பு அக்கம்பி வழியே இறங்கிப் பாவையின் தலைக்குள் இருந்த சிறு மின்காந்தப் பொறியை இயக்க, உதடு பேச்சுக்கேற்ப அசையும். அப்பொறிக்கு இடம் வேண்டியே தொடக்கப் பாவைகளின் தலை உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. 1967இல் வந்த கேப்டன் ஸ்கார்லெட்டில் பொறி மார்புக்கு இறங்கியபின் தலை மனித அளவை ஒத்தது. கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் 1020ஆம் குறளில் உவமையாக்கினார். நாண் இல்லாதவரின் நடமாட்டத்துக்கு அவர் சொன்ன உவமை அது. ஸ்லவ் நகரத்துக் கலைஞர்கள் அந்த மயக்கத்தையே தொழிலாகக் கொண்டவர்கள்.

1963 அக்டோபரில் மேற்கு செருமனியின் லெங்கடே சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. நிலத்தடியில் சிக்கிய தொழிலாளருள் பதினொருவர் இரண்டு வாரங்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டனர். மீட்புக் கருவிகள் தொலைவிலிருந்து வந்துசேர வேண்டியிருந்த அச்செய்தியே தண்டர்பேர்ட்ஸ் தொடருக்கு வித்தாயிற்று. ஒரு தந்தை, ஐந்து மைந்தர், ஒரு தனித்தீவு, உலகில் எங்கு விபத்து நேரினும் பறந்து செல்லும் ஊர்திகள். ஐந்து மைந்தருக்கும் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. தொடரில் மொத்தம் 32 பகுதிகள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் அது அரைமணி நேரத் தொடராகவே தொடங்கியது. முதற் பகுதியைப் பார்த்து வியந்த தயாரிப்பு முதலாளி லூ கிரேடு ஒருமணி நேரமாக்கச் சொல்லவே, எடுத்து முடித்த பகுதிகளுக்கும் புதுக் காட்சிகள் எழுதிச் சேர்க்க நேர்ந்தது. அத்தொடரின் நிதானமும் குடும்பப் பேச்சும் பெரிதும் அவ்வாறு நீட்டியதால் வந்தவையே. வெண்பாவை ஆசிரியப்பாவாக்கச் சொன்னால் கவிஞர் படும் பாட்டை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை.

1966, 1968 ஆகிய ஆண்டுகளில் தண்டர்பேர்ட்ஸ் கதையைப் புதிதாகவே எடுத்துத் திரையரங்குக்குக் கொண்டுசென்ற இரண்டு படங்களும் வரவேற்புப் பெறவில்லை. பின்னர் 1980களின் தொடக்கத்தில் ஐ.டி.சி. நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகம் வேறொரு வழி கண்டது. பழைய பகுதிகளை இரண்டு, மூன்று, நான்கு என்று ஒட்டி, ஒன்றரைமணி நேரப் படங்களாக்கித் தொலைக்காட்சிக்கு விற்றது. அவற்றுள் சில குறிப்பிடத்தக்கவை. முதற் பகுதியில், சக்கரக் கூட்டில் வெடிகுண்டோடு வானில் சுற்றும் ஃபயர்ஃப்ளாஷ் என்னும் பெருவிமானம், பிறிதொரு பகுதியில் கடலில் வீழ்கிறது. இரண்டையும் இணைத்து ஒரு படம் செய்தனர். ஒரே விமானம் இரு துன்பங்களுக்கும் இழையாக நின்றமையால் இத்தொகுப்பு பொருந்திற்று. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் சரியும் பகுதியையும் அட்லாண்டிக் கடலில் தீ எழும் பகுதியையும் ஒட்டிய படத்துக்கு அத்தகைய இழை ஒன்றுமில்லை. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் கேட்டால் சொல்வார்கள்: உறுப்புகள் பெட்டிக்குள் அடங்கிவிட்டால் மட்டும் பூட்டு திறந்துவிடாது. இத்தொகுப்புப் படங்களுள் இரண்டு, 1988இல் மினியாபொலிஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தொடங்கிய நையாண்டி நிகழ்ச்சியின் முதற் பலிகளாயின. பாவைகளின் குற்றமன்று அது, ஒட்டியவர்களின் குற்றம்.

அவர்கள் செய்த அடிப்படைப் பிழை ஒன்றே. தனித்தனியே நிறைவுற்ற பகுதிகளை ஒரே கதையாக்க முயன்றனர். தண்டியலங்கார மரபில் சொன்னால், தொகைநிலையைத் தொடர்நிலையாக்கத் துணிந்தனர்.

பண்டைத் தமிழ்த் தொகுப்பாளர் அவ்வாறு செய்யவில்லை. குறுந்தொகையை நான்கு முதல் எட்டடி, நற்றிணையை ஒன்பது முதல் பன்னிரண்டடி, அகநானூற்றைப் பதின்மூன்று முதல் முப்பத்தோரடி என்று பெரும்பாலும் அடியளவால் பிரித்தனர். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனாரின் வரிசைமுறை இன்றும் வியப்பளிப்பது. ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் பாலை. இரண்டும் எட்டுமாய் முடிவன குறிஞ்சி. நான்கு முல்லை, ஆறு மருதம், பத்துப் பத்தாய் வருவன நெய்தல். நானூறு பாடல்களும் ஒரு கதையாகவில்லை. ஆயினும் வரிசையாகப் படிப்பவர், ஒவ்வொரு கூடலுக்கும் ஊடலுக்கும் இரங்கலுக்கும் பின்னர் மீண்டும் மீண்டும் பாலை வழியில் வந்து நிற்கிறார். எண்ணைக் கொண்டே இத்தகைய உணர்வோட்டத்தை ஒரு தொகுப்பாளர் உண்டாக்கினார். தொகுத்தார் பெயரோடு தொகுப்பித்தார் பெயரும் காக்கப்பட்டமை வேறொரு சிறப்பு. ஐ.டி.சி. நிறுவனம் தொகுப்பித்தோர்; தொகுத்தோர் யாரென்று பார்வையாளர் பலர் கேட்டதே இல்லை.

இம்மாவட்டத்து வத்தலக்குண்டே இவ்விரு நெறிக்கும் சான்று தருகிறது. பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் மாதந்தோறும் வந்து பின்னர் நூலாயிற்று; அது தொடர். அவ்வூரைச் சேர்ந்த சி.சு. செல்லப்பா, தாம் நடத்திய எழுத்து இதழில் வெளிவந்த கவிதைகளைத் தேர்ந்து 1962இல் புதுக்குரல்கள் என்று வெளியிட்டார், அது தொகை. கவிதைகளுக்கிடையே இணைப்புரை எழுதி ஒரு காவியம்போல் காட்ட அவர் முயலவில்லை. பலர் குரலை அடுத்தடுத்து வைத்ததனாலேயே ஓர் இயக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்நெறியில் பாவைத் தொடர்களைத் திணைவழித் தொகுத்தால் என்ன கிடைக்கும்?

ஸ்டிங்ரேயிலிருந்து ஒரு நெய்தற் படம் எளிதில் அமையும். கடலடி அரசன் டைட்டனிடம் அடிமையாயிருந்து தப்பிய மரீனா என்னும் பெண் பேச இயலாதவள். 39 பகுதிகளிலும் அவள் மௌனமாகத் திரும்பிப் பார்க்கும் காட்சிகளைச் சேர்த்தாலே போதும். நீர்மூழ்கிச் சண்டைகள் பின்னணியில் ஒதுங்கிவிடும். பாலைப் படம் கேப்டன் ஸ்கார்லெட்டில் உள்ளது. மேகத்தளத்தின் மீது தாக்குதல் நிகழும் பகுதியில், விமானம் வீழ்ந்து பாலைநிலத்தில் கிடக்கும் சிம்பனி என்னும் பெண் விமானி, தன் தோழர் யாவரும் மடிவதாகக் காண்கிறாள். இறுதியில் அது கனவென்று தெரிகிறது. பழைய தொகுப்புப் படத்தில் அக்கனவு முடிவை மாற்றிவிட்டனர். கனவு என்றால் ஏமாற்று என்று எண்ணினர் போலும். பாலைத்திணை கற்றவர் மாற்றியிருக்க மாட்டார். வெயிலில் கிடப்பவளின் நெஞ்சம் காண்பதே அங்குப் பொருள். தளம் உண்மையில் எரிந்ததா என்பது அன்று.

முல்லைப் படமே இவற்றுள் உயர்ந்ததாக அமையும். தண்டர்பேர்ட்ஸ் தொடரில் ஜான் என்னும் மைந்தன் விண்வெளி நிலையத்தில் தனியே அமர்ந்து, உலகின் அபயக் குரல்களைக் கேட்டுத் தீவுக்கு அறிவிப்பவன். உடன்பிறந்தோர் மீட்கச் செல்வர், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். கீழே தந்தை மேசையை விட்டு எழுவதில்லை. சுவரில் ஐந்து மைந்தரின் படங்கள். யாரேனும் அழைத்தால் அப்படத்தின் கண்கள் ஒளிரும். சூரியனை நோக்கிச் சென்ற கலத்தை மீட்கப் போன தண்டர்பேர்ட் 3 தானே மீளமுடியாமல் சூரியனை நோக்கிச் சரியும் பகுதி ஒன்றுண்டு. இமயத்துப் பனியில் நின்று அதனை மீட்க வந்தவர்கள் பெட்டியைத் திறந்தால், கணிப்பொறிக்கு மாறாகச் சதுரங்கம் ஆடும் எந்திர மனிதன் இருக்கிறது. அப்பகுதியின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் குறைத்து, தந்தையின் அறையையும் ஜானின் நிலையத்தையும் மட்டும் நிறுத்தினால் கிடைப்பது காத்திருத்தலின் படம். பாவையின் முகம் மாறாதது இங்கே குறையன்று. காத்திருப்பவர் முகமும் மாறுவதில்லை. இப்படத்தில் மீட்பு நிகழ்ந்ததை ஒளிரும் ஒரு கண்ணால் அறிவித்தால் போதும்.

கதை இல்லாமல் ஒன்றரைமணி நேரம் எவர் பார்ப்பார் என்ற வினா எழும். அதற்கு விடை அத்தொடரிலேயே உள்ளது. பாவைகளால் இயல்பாக நடக்க இயலாது. ஆதலால் நாற்காலியோடு சறுக்கியும், சுவரோடு சுழன்றும், படத்தின் பின்னே தலைகீழாய் வழுக்கியும் அவை ஊர்திக்குள் சென்று அமர்கின்றன. நீச்சல் குளம் விலகுகிறது. தென்னை போன்ற மரங்கள் இருபுறமும் சாய்ந்து வழிவிடுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் இக்காட்சிகள் மீண்டும் வரும். குழந்தைகள் அவற்றுக்கே காத்திருந்தனர். நடக்கத் தெரியாத குறையே சடங்காக வளர்ந்த விந்தை அது. தொகுப்பவர் கை முதலில் நறுக்குவது இந்தத் திரும்பவரலைத்தான். புதிய தொகுப்பில் ஒரு புறப்பாடாவது முழு நீளத்தில் நிற்க வேண்டும்.

இவையெல்லாம் கற்பனை விளையாட்டு என்று இருந்துவிடலாம். ஏனெனில் ஆண்டர்சனின் படச்சுருள்கள் பத்திரமாக உள்ளன. தொகுப்பு கெட்டாலும் மூலம் கெடாது. 1960களில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்த குரல்களை வைத்தே 2015இல் அதே ஸ்லவ் நகரில் புதுப் பாவைகள் செய்து மூன்று தண்டர்பேர்ட்ஸ் பகுதிகளை எடுத்து முடித்தனர். மூலம் இருந்ததால் அது கூடிற்று.

தமிழ்ப் பாவைகளுக்கு அந்த நற்பேறு இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியே இருப்புப்பாதை சென்றடையும் பாலக்காட்டுப் பகுதியில், பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாடல்களைக் கொண்டே தோற்பாவைக்கூத்து நிகழ்கிறது. சில இடங்களில் இருபத்தொரு இரவுகள். வரிசையாக ஏற்றிய விளக்குகளுக்கு முன்னே புலவர்கள் பாட்டைச் சொல்லி உரை விரிப்பர். தாரிகனோடு போர் செய்தமையால் இராவணவதம் காணாத பத்ரகாளிக்கு அதனைக் காட்டுவதே நோக்கமாதலின், எதிரில் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நடக்கும். அம்மரபில் வந்த கே.கே. ராமச்சந்திர புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கோயிலுக்கு வெளியே மேடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அக்கூத்து ஒருமணி நேர அளவில் சென்றது. பாலக்காட்டு அருங்காட்சியகத்தில் மனிதக் கை இன்றிப் பொறியால் அசையும் தோற்பாவைகளும் வந்துவிட்டன. ஸ்லவ் நகரத்து மின்காந்தத்தின் தொலைதூரத் தம்பிகள் எனலாம்.

தமிழகத்தில் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் ஊரூராகச் சென்று ஆட்டுத்தோல் பாவைகளால் இராமாயணத்தை இரவுக்கு ஒரு பகுதியாக நடத்தின. அவர்கள் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நகைச்சுவைக்கு வருவர். இராமகாதைக்கும் அவர்களுக்கும் உறவில்லை; ஊர் நடப்பும் விலைவாசியும் வசவும் அவர்கள் வாயில்தான் வரும். கதையை மட்டும் கருதித் தொகுப்பவர் இவ்விருவரையும் முதலில் நீக்கிவிடுவார். நீக்கியது எங்கும் சுருளாய் இருக்காது. பாடாத இரவைப் புலவர் மறப்பார். அவர் மகன் கற்காமலே விடுவான். சங்கப் பாடல்களிலும் நேர்ந்தது அதுவே. பூரிக்கோவும் உருத்திரசன்மனாரும் எடுத்துக்கொள்ளாத பாடல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

ஆதலின் இவ்வட்டம் போன்ற அமைப்புகள் பாவைக்கூத்தை விழாவுக்கு அழைக்கும்போது அரைமணி நேரம் ஒதுக்குவதை விடுத்து, ஒரு குழுவை எல்லா இரவுகளுக்கும் அழைத்து, உச்சிக்குடும்பனின் வசவு உட்பட முழுவதையும் பதிவு செய்து வைப்பது முதல் வேலை. அதன்பின் அவற்றிலிருந்து முல்லைப் படமோ நெய்தற் படமோ யார் வேண்டுமாயினும் தொகுக்கட்டும். ஆடியில் காற்று திரையைக் கிழிக்கும். மழை விட்ட பின் தை முதல் பங்குனி வரை இச்சமவெளி ஊர்களில் இரவுகள் அதற்கு ஏற்றவை.