புள்ளியும் பெயரும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியன் ஒருவன் தேர்வைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியுமே பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று ஓர் எவர்சில்வர் குவளையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

தியாகராய நகரின் பாத்திரக் கடைகளில் வாங்கிய குவளையில் பெயர் வெட்டித் தருவதைக் கண்டிருப்பீர்கள். அந்த எழுத்துகளை உற்று நோக்குங்கள். அவை கோடுகள் அல்ல. அடுத்தடுத்து இட்ட புள்ளிகள். முன்பு சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு தட்டினார்கள். பின்னர் மின்சாரத்தால் அதிரும் ஊசி வந்தது. என் தாயார் மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்தவர். அங்கே அவருக்கென்று ஒதுக்கிய குவளை கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும். அவர் காசு சேர்த்து வாங்கிய முதல் எவர்சில்வர் குவளையில் தம் பெயரை வெட்டச் செய்து, அதனை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்புள்ளியே வளர்ந்து ஓவியமும் ஆகும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான ஜூலியோ கம்பாஞோலா செப்புத் தகட்டில் புள்ளிகளால் நிழல் காட்டினார். 1764-இல் இலண்டன் சென்ற பிரான்செஸ்கோ பார்த்தொலொட்சி அம்முறையைப் புகழ்பெறச் செய்தார். இன்று இத்தாலியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கார்தோனே வால் திரோம்பியா என்னும் ஊரில், எஃகின் மீது பறவையையும் விலங்கையும் உயிருள்ளவை போலப் புள்ளியால் பொறிக்கிறார்கள். உளியின் பெயராலேயே அதனைப் ‘புலினோ’ என்பர்.

இதனைக் கற்கும் முறை என்ன? தகட்டை முதலில் கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். கூர் மழுங்கினால் புள்ளி சிதையும். ஆகையால் உளியைச் சாணையில் தீட்டப் பழகுவதே முதற்பாடம். சுத்தியல் இல்லை, உள்ளங்கையின் அழுத்தமே போதும். கண்ணுக்கு உருப்பெருக்கி தேவை. புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். எடுத்த எடுப்பில் முகத்தை வரையத் துணியலாகாது. ஐந்து கட்டங்கள் போட்டு, வெளுப்பிலிருந்து கருமை வரை படிப்படியாக நிரப்ப வேண்டும். அடுத்து ஓர் உருண்டை. அதன் பிறகே பறவை, கண், முகம். தவறாக விழுந்த புள்ளியை எளிதில் அழிக்க இயலாது. பொறுமையை இதைவிடக் கண்டிப்பாகக் கற்பிக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை.

நம் நாட்டில் உலோகத்தில் பொறிக்கும் கலை நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. பிறப்பால் வந்த தொழில் அங்கே வகுப்பறைப் பாடமாயிற்று. 1894-இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் மக்களுக்கென்று ஒரு பள்ளியைத் திறந்தார். கதவுகள் இவ்வாறு ஒவ்வொன்றாகவே திறந்தன.

எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டனவா? என் மாணவன் ஒருவன் நன்றாகப் படம் வரைவான். பொறிப்பு வேலை கற்க ஒரு பட்டறைக்குச் சென்றான். படத்தைப் பாராட்டினார்கள். பிறகு, “எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். சொன்னான். “நாளைக்கு வா” என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை. அவன் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் ஒருவரிடம் உதவியாளனாக அமர்ந்தான். இரவில் கழிவுப் பித்தளைத் தகட்டில் பழகினான். மூன்று ஆண்டுகள் கழித்துத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு தகட்டை என் மேசைமேல் வைத்தான். அதில் அவன் பாட்டியின் முகம், ஒவ்வொரு சுருக்கத்துடனும் இருந்தது. பழைய செப்பேடுகளில் நிலம் தந்தவர் பெயர் உண்டு, பெற்றவர் பெயர் உண்டு. அந்நிலத்தை உழுதவர் பெயரைப் பெரும்பாலும் காணோம். இத்தகட்டில் உழைத்தவளின் முகமே இருந்தது.

“கைத்தொழிலிலிருந்து மீளத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்? மறுபடியும் உளியைப் பிடிக்கச் சொல்கிறீரா?” எனப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவன் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சாதி பறிக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் சுட்டிக்காட்டினார். நம் மீது சுமத்தப்பட்ட தொழிலை விடுவது விடுதலை. நமக்கு மறுக்கப்பட்ட தொழிலை விரும்பிக் கற்பதும் விடுதலையே. பள்ளியை விட்டுவிட்டு வருமாறு நான் எவரையும் அழைக்கவில்லை. பட்டமும் பெறுங்கள், கையையும் பழக்குங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நமது மாலைநேரப் படிப்பகத்தில் ஓர் உருப்பெருக்கியும், ஒரு பிடிகருவியும், சில உளிகளும், கொஞ்சம் பித்தளைத் தகடும் வாங்கி வையுங்கள். நான் கூறிய மாணவன் ஞாயிறுதோறும் வந்து கற்பிக்க இசைந்திருக்கிறான். அங்கே வருகிற பிள்ளையிடம் ‘எந்தத் தெரு’ என்று எவரும் கேட்கப் போவதில்லை.