இரவு இரத்தமும் கண்ணாடிச் சிலைடும்



நாஞ்சில் நாட்டு முதியோரில் யானைக்கால் நோயைக் கண்டிராதவர் அரிது. தமிழ்நாட்டில் இந்நோய் கண்ட மாவட்டங்களுள் கன்னியாகுமரியும் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆயினும் கால் வீங்கியவரே நோயைப் பரப்புகிறார் என்று எண்ணுவது பிழை. வீக்கம் முற்றியவர் இரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சுகள் காணப்படுவதில்லை. வீக்கமோ வலியோ இன்றிக் காலையில் ஏர் பூட்டிச் செல்லும் திடகாத்திரரிடத்தில் அவை மிகுந்திருக்கக்கூடும். சாக்கடையிலும் அழுகல் நீரிலும் பெருகும் கொசு அவரைக் கடித்து, பத்துப் பன்னிரண்டு நாள் சென்றபின் அயலாரைக் கடிக்கிறது.

1872-ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்னும் வைத்தியர் இக்குஞ்சுகளை மனித இரத்தத்தில் கண்டார். இவை பகலில் நுரையீரல் முதலிய உள்ளிடங்களில் ஒடுங்கி, இரவில் தோலருகே வருபவை. ஆதலால் இரவு எட்டரை மணிக்கு மேல் நள்ளிரவுக்குள் இரத்தம் எடுப்பது வழக்கம். பகலிலேயே செய்யத்தக்க சோதனைப் பட்டைகள் இக்காலத்தில் உண்டு. எனினும் குஞ்சைக் கண்ணாரக் காண்பதற்கு மைக்ராஸ்கோப்பே வேண்டும்.

விரலைக் குத்தி எடுத்த சிறு துளி இரத்தம், மூன்று அங்குல நீளமும் ஓரங்குல அகலமும் உள்ள கண்ணாடிச் சிலைடின்மேல் தடவி உலர்த்தப்படும். மறுநாள் நீரில் நனைத்துச் சிவப்பை நீக்கி, சாயமூட்டி, மைக்ராஸ்கோப்பின் மேடையில் வைப்பர். இங்கேதான் கவனம் வேண்டும். தடவிய பக்கம் மேலே இருத்தல் அவசியம். மேடையிலுள்ள இரு கவ்விகளையும் மெள்ள உயர்த்தி, சிலைடின் ஓரங்களை மட்டும் அவற்றின் கீழ்ச் செலுத்துவர். கவ்வி இரத்தத்தின்மேல் அமர்ந்தால் அவ்விடம் மறைந்துபோம். பக்கத்திலிருந்து பார்த்தபடியே வில்லையைச் சிலைடுக்கு அருகே இறக்கிக்கொண்டு, கண்ணை வைத்தபின் மேல்நோக்கியே திருப்ப வேண்டும். கண்ணை வைத்துக்கொண்டு இறக்கினால் சிலைடு உடையும். அந்த இரவின் உழைப்பும் வீணாகும்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு? உழவருக்கு இது எளிதில் விளங்கும். இரத்தத் தடவலை ஒரு கோடி முதல் மறுகோடி வரை சால் சாலாகப் பார்த்துச் செல்ல வேண்டும். சிலைடு தளர்ந்து நகர்ந்தால் உழுத சாலிலேயே மறுபடி ஏர் ஓடும். உழாத இடம் தரிசாய் நிற்கும். அத்தரிசில் கிடந்தது ஒரே குஞ்சானாலும், அது தப்பினால் நோயுள்ளவர் நோயற்றவர் என்று எழுதப்பட்டு மருந்தின்றி வீடு திரும்புவார். டைஎதில்கார்பமசின் மாத்திரை குஞ்சுகளை அழிக்க வல்லது. முற்றிய வீக்கத்தை அது பழைய நிலைக்குக் கொணராது.

சிலைடின் ஓரத்திலுள்ள எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். பேரேட்டில் ஒருவர் பற்று மற்றொருவர் பெயரில் ஏறினால் சச்சரவு நேரும், திருத்தியும் விடலாம். சிலைடு மாறினாலோ கேட்பாரில்லை.

ஊருக்குச் சோதனைக் குழுவினர் வரும் இரவில் கதவடைத்து உறங்குவோர் பலர். அன்று சங்கக் கட்டடத் திண்ணையில் ஒரு மேசையும் நல்ல விளக்கும் வைத்து, பெயரையும் எண்ணையும் பிழையின்றி எழுதவல்ல அங்கத்தினர் ஒருவரை உட்காரச் செய்தால், குழுவினருக்குப் பாதி வேலை முடிந்தது.