ஜெனீவாவில் ஒரு கோவை



பங்குனியும் புரட்டாதியும் வந்தால் நம்முடைய பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு ஜெனீவா வந்துவிடும். மனித உரிமைகள் பேரவை கூடுகிறது, தீர்மானம் வருகிறது, இத்தனை நாடுகள் ஆதரவு, இத்தனை நாடுகள் எதிர்ப்பு என்று செய்தி. சந்தியிலும் பஸ்ஸிலும் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். "இந்த முறை ஜெனீவா பார்த்துக்கொள்ளும்" என்பார் ஒருவர். "எத்தனை வருசமாப் பார்த்துக்கொண்டு இருக்கிறம், ஒண்டும் நடக்காது" என்பார் மற்றவர். இருவரும் எதிர்பார்ப்பது தீர்ப்பை. பேரவையிடம் பொலிஸ் இல்லை, சிறைச்சாலை இல்லை. சர்வதேச மனித உரிமை நிறுவனங்கள் பலவற்றின் கையிலும் இருப்பது பதிவுதான். அந்தப் பதிவுக்கு எவ்வளவு பெறுமதி, அது எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. ஆகவே இந்தப் பெரிய விடயத்தில் எனக்குப் பழக்கமான பக்கத்தில் நின்றே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை தன் மனித உரிமைகள் ஆணைக்குழுவை, இன்றைய பேரவைக்கு முன் இருந்த அமைப்பை, 1946இல் அமைத்தது. ஆனால் தன்னிடம் வரும் முறைப்பாடுகள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1947இல் அந்த ஆணைக்குழுவே முடிவெடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி உலகப் பிரகடனம் பாரிஸில் நிறைவேறியது. 30 உறுப்புரைகள், எதிராக ஒரு வாக்கும் இல்லை. உரிமைகள் எழுத்தில் வந்துவிட்டன. அவை மீறப்பட்டவருடைய முறைப்பாட்டைக் கையில் வாங்க ஆள் இல்லை. இந்த நிலை மாறப் பல ஆண்டுகள் எடுத்தன. மாறிய கதையில் தாய்மாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு நான் உங்களை ஆர்ஜென்டீனாவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

1976 மார்ச்சில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரவில் வீட்டுக்கு வந்து ஆட்களைக் கொண்டு போனார்கள். பொலிஸில் கேட்டால் தெரியாது, முகாமில் கேட்டால் அப்படி ஒருவர் இல்லை. தலைநகர் புவனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் தாய்மார் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாராவாரம் சுற்றி நடந்தார்கள். உள்ளூரில் ஒரு நீதிமன்றமும் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

1979 செப்டெம்பரில், அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமைகள் ஆணைக்குழு அங்கே போனது. வெளியிலிருந்து வந்த அழுத்தத்தினால்தான் இராணுவ ஆட்சி அதற்குச் சம்மதித்தது. மாயோ அவெனியூ என்ற பெருந்தெருவில் ஆணைக்குழு ஒரு அலுவலகத்தைத் திறந்தது. முறைப்பாடு கொடுக்க வந்தவர்களின் வரிசை தெருத் தெருவாக நீண்டது. இரவிலும் கலையவில்லை. பிள்ளையின் படத்தோடு தாய், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி பாட்டி. பக்கத்தில் நிற்பவர் யார், ஒற்றரா என்று தெரியாது. நின்றார்கள்.

வானொலி கேட்கும் உங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதே நாட்களில் ஆர்ஜென்டீனாவின் இளையோர் அணி, மரடோனா ஆடிய அணி, டோக்கியோவில் உலகக் கிண்ணம் வென்றது. கொண்டாட்டத்துக்கு அந்தத் தெருவுக்கே போங்கள், வந்திருக்கும் வெளிநாட்டாருக்கு நாட்டின் உண்மையான முகத்தைக் காட்டுங்கள் என்று வானொலி வர்ணனையாளர் மக்களைத் தூண்டினார். கொடிகளோடு கூட்டம் ஆரவாரித்துக் கொண்டு போனது. வரிசையில் நின்ற தாய்மார் அசையவில்லை. ஒரு ஒலிவாங்கி யாருக்காகப் பேசுகிறது என்ற கேள்வி அன்று முதல் நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

இராணுவம் வேறு ஒரு வேலையும் செய்தது. கடற்படை இயந்திரவியல் பாடசாலைக்குள் இரகசியமாகத் தடுத்து வைத்திருந்தவர்களை, ஆணைக்குழு வந்து பார்க்குமுன் ஆற்றுக் கழிமுகத்தில் இருந்த ஒரு தீவுக்கு மாற்றியது. கட்டடத்தின் உள்ளமைப்பையும் மாற்றியது. ஆணைக்குழு போய்ப் பார்த்தபோது அங்கே கைதிகள் இல்லை. இந்த நிறுவனங்களின் பலவீனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்: அரசு கதவைத் திறந்தால்தான் அவர்கள் உள்ளே போகலாம், அரசு காட்டுவதைத்தான் பார்க்கலாம்.

ஆனால் தெருவில் நின்றவர்களை எந்தத் தீவுக்கும் மாற்ற முடியவில்லை. ஆணைக்குழு திரும்பிப் போகும்போது 5,580 முறைப்பாடுகள் அதன் கையில் இருந்தன. 1980இல் அறிக்கை வந்தது. குற்றம் செய்தவர்கள் அரசின் ஆட்களே என்று அது எழுதியது. நாட்டுக்குள் அதை வெளியிட விடவில்லை. பிரதிகள் மறைவாக உள்ளே வந்தன. 1983இல் இராணுவ ஆட்சி போனது. 1985இல் அந்த நாட்டு நீதிமன்றமே முன்னாள் ஆட்சித் தலைவர் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு எழுதியவர்கள் உள்ளூர் நீதிபதிகள் என்பதைக் கவனியுங்கள், நேயர்களே. சர்வதேசம் செய்தது, சாட்சியம் அழியாமல் காத்தது.

அதே 1980இல் ஜெனீவாவில், ஐ.நா.வின் ஆணைக்குழுவில், ஒரு மாற்றம். தங்கள் நாட்டின் பெயர் சொல்லிக் கண்டனம் வரக்கூடாது என்று ஆர்ஜென்டீனத் தூதுவர்கள் பாடுபட்டார்கள். ஒரு நாட்டைச் சொல்லாமல், காணாமல் ஆக்குதல் என்ற குற்றத்தையே உலகம் முழுவதற்குமாக ஆராய ஐந்து பேர் கொண்ட செயற்குழு என்று சமரசம் ஏற்பட்டது. அந்தச் சமரசம்தான் பின்னாளில் இலங்கைக்கும் பயன்பட்டது. செயற்குழு 1991, 1992, 1999, 2015 ஆகிய ஆண்டுகளில் இங்கே வந்தது. இலங்கை அரசிடம் அது விளக்கம் கேட்ட சம்பவங்கள் 12,000க்கு மேல். தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த மாத்தறைத் தாயின் கோவையும், மட்டக்களப்புத் தாயின் கோவையும் அங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தக் கோவை எப்படித் தொடங்குகிறது என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு படிவம். முழுப்பெயர், கொண்டு போன திகதி, இடம், கொண்டு போனவர்கள் யார் என்று நம்புகிறீர்கள், தேடுவதற்கு என்ன செய்தீர்கள். கேள்விகள் சின்னவை, பதில்கள் பெரியவை. ஒரு தாய் சொப்பிங் பையைத் திறந்து மேசையில் பரப்புவார்: பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மடித்து மடித்துக் கிழிந்த அடையாள அட்டைப் பிரதி, பாடசாலையில் எடுத்த படம். திகதி கேட்டால், "மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை, தொண்ணூறாம் ஆண்டு" என்பார். நான் பழைய பஞ்சாங்கத்தை எடுப்பேன். தீர்த்தம் நடக்கும் ஆடி அமாவாசை அந்த ஆண்டு எந்த நாள், அடுத்த வெள்ளி எந்தத் திகதி என்று பார்த்து எழுதுவேன். இப்படிக் கிடைக்கும் திகதிகளைக் கிராமத்தில் மற்றவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டால் அநேகமாகப் பொருந்தும். தாயின் கணக்கு அவ்வளவு சரியாக இருக்கும்.

ஒரு அம்மா கையெழுத்து வைக்குமுன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "மகன், இத எழுதினா என்ட புள்ள வருவானா?" வருவான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "அம்மா, அப்பிடி ஒரு புள்ள இருக்கவே இல்லை எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார். என்ன நடந்தது என்று தெளிவாகும்வரை அந்தக் கோவையை மூடமாட்டார்கள். தீராத சம்பவங்களை ஆண்டுதோறும் அரசுக்கு நினைவூட்டுவார்கள். ஆட்சி மாறினாலும் கேள்வி மாறாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அரசின் கையோ ஆதரவோ இருந்த சம்பவங்களை மட்டுமே செயற்குழு நீண்ட காலம் ஏற்றது. ஆயுதக் குழு ஒன்று கொண்டு போன பிள்ளையின் தாயும் நாங்கள் முறைப்பாடு எழுதும் மண்டபத்துக்கு வந்து உட்காருவார். அவருடைய கண்ணீருக்கு அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்வதுதான் என் வேலையில் மிகக் கடினமான பகுதி.

அடுத்த குறை: 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போக வேண்டாம் என்று மக்கள் வாசலில் கூடி மன்றாடினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். போர் முடிந்து சில நாட்களில், 2009 மே 27ஆம் திகதி, மனித உரிமைகள் பேரவை 29 வாக்குகளால் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. அங்கே வாக்களிப்பவை 47 அரசாங்கங்கள். அரசாங்கங்கள் தங்கள் நலனைப் பார்த்தே கை உயர்த்துகின்றன. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்பதை 2012இல் அதன் சொந்த உள்ளக அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இன்னொன்று. சிங்களம் தெரியாத தமிழ் இளைஞர் ஒருவரிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கி, அதை வைத்தே நீண்ட சிறைத்தண்டனை கொடுத்தார்கள். நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. அப்படிக் குழுவிடம் முறையிட இடம் கொடுத்த உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. குழுவின் முடிவால் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. உள்நாட்டில் வாங்கிக்கொள்ளக் கை இல்லாவிட்டால் வெளிநாட்டுத் தீர்மானம் தாளாகவே நின்றுவிடும்.

கிடைத்தவையும் உண்டு. பலவந்தமாகக் காணாமல் ஆக்குதலுக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 2016இல் சேர்ந்தது. 2018இல் அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. மரண அத்தாட்சிப் பத்திரத்தை வாங்க மறுத்த தாய்மாருக்கு, இவரைக் காணக்கிடைக்கவில்லை என்று சொல்லும் சான்றிதழ் பெற வழி பிறந்தது. காணி உறுதிக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைந்த மனைவிமாருக்கு அது சின்ன விடயம் அல்ல. 2021ஆம் ஆண்டின் பேரவைத் தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர் ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தது. ஆனால் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் போராடும் பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்தத் தாமதத்துக்கு ஜெனீவாவும் கொழும்பும் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. ஜெனீவாவைத் தெய்வமாக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். முறைப்பாடு எழுதாமல் இருப்பவர்கள் இன்னும் இருந்தால் எழுதுங்கள்; ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், கோவை இலக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சட்டம் படிக்கும் இளையவர்களே, அந்தக் கோவைகளை நம் நாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டு வருவது உங்கள் வேலை. புவனஸ் அயர்ஸில் வரிசை கலைந்து ஆறு ஆண்டுகளில் தீர்ப்பு வந்தது. இங்கே அதைவிடப் பல மடங்கு காலம் போய்விட்டது. நம்முடைய தாய்மார் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்குப் பதில் கிடைக்க வேண்டும், கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.